மூளைக்காய்ச்சல் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை): மனதை விட்டுப் போகாத ரிப்போர்ட் எது?

நைட் டியூட்டி:
நாலு வயதுக் குழந்தையின் முதுகுத்தண்டு நீர். கிராம் ஸ்டெயினில் (சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) ஜோடி ஜோடியாக நியூமோகாக்கஸ் கிருமி. ஆக்சசிலின் மருந்து ஏற்றிய டிஸ்க்கைச் சுற்றி, கிருமி வளராத 20 மி.மீ. வட்டம் வர வேண்டும், 9தான் வந்தது. சரி என்று ஸ்ட்ரிப் வைத்தேன். செஃப்ட்ரியாக்சோன் மருந்துக்கு எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்ச அளவு) 1. பழக்கதோஷத்தில் ‘எஸ்’ (மருந்து கேட்கும்) என்று எழுதி அனுப்பிவிட்டேன். நிமோனியாவுக்கு அது சரி. மூளைக்காய்ச்சலுக்கு எல்லை 0.5 அல்லவா? கை கழுவும்போதுதான் உறைத்தது. ஈரக் கையோடு மாடி ஏறி ஓடினேன். கூடவே போய்க்கொண்டிருந்த வான்கோமைசின் என்ற இன்னொரு மருந்தை நிறுத்த பிஜி டாக்டர் கேஸ் ஷீட்டில் பேனாவை வைத்திருந்தார். குழந்தை பிழைத்துவிட்டது. அந்தப் பேனாதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பழைய லேப் ஆள்:
உங்கள் மேல் தப்பில்லை, இரண்டு எல்லையையும் அச்சடிக்காத ஃபார்ம்தான் தப்பு. ஆனால் அந்த 1-ஐயே எப்படி நம்பினீர்கள்? கிருமியை வளர்த்தது ஆட்டு ரத்தத் தட்டிலா, ரத்த வங்கியில் காலாவதியான பையை ஊற்றிய தட்டிலா? நாங்கள் பல வருடம் பையைத்தான் ஊற்றினோம். கொடுத்தவர் என்ன மாத்திரை சாப்பிட்டாரோ, யார் கண்டது! ஒருநாள் 49619 கன்ட்ரோலே (விடை முன்பே தெரிந்த சோதனைக் கிருமி) எல்லைக்குள் நிற்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் போன ரிப்போர்ட்டுகளை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

நைட் டியூட்டி:
ஆட்டு ரத்தம்தான். கன்ட்ரோலும் சரியாகத்தான் இருந்தது.

மகள்:
எனக்கு இந்த எண்கள் புரியாது. அப்பாவுக்குத் தலையில் ஆபரேஷன், ஒன்பதாம் நாள் காய்ச்சல். அசினெட்டோபாக்டர் கிருமி என்றார்கள். ரிப்போர்ட்டில் மேலிருந்து கீழே வரை ‘ஆர்’, அதாவது மருந்து கேட்காது. கடைசி வரியில் கொலிஸ்டின் என்ற மருந்து மட்டும் தப்பியிருந்தது. டாக்டர் அதன் கீழே நகத்தால் கோடு இழுத்தார். தலையில் போட்டிருந்த டியூப் வழியாகவே மருந்தை ஏற்றினார்கள்.

நுண்ணுயிரி:
@மகள், அந்தக் கொலிஸ்டினை டிஸ்க் வைத்துப் பார்த்தார்களா என்று லேபில் கேளுங்கள். அது பெரிய மூலக்கூறு, அகரில் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) சரியாகப் பரவாது. வட்டத்தை நம்பவே கூடாது. வரிசையாகக் குழிகளில் மருந்தைப் பாதி பாதியாக நீர்த்து, எதில் கிருமி வளரவில்லை என்று பார்க்க வேண்டும். நரம்பு வழியே போட்டால் மூளை நீருக்குள் போதுமான அளவு போகாது, டியூபில் ஏற்றியது சரிதான். இன்னொன்று, கல்ச்சருக்கு எடுத்த நீரை ஃபிரிட்ஜில் வைக்க விடாதீர்கள். எங்கள் வார்டில் ஒருமுறை வைத்துவிட்டார்கள், ஒன்றும் வளரவில்லை. லேபில் பேசும்போது பழைய ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள்:
ரிப்போர்ட் பீரோவில் இருக்கிறது சார். தேதி 2019.