பழைய 80 சீரிஸ் லேண்ட் க்ரூஸர்: 285 டயரா, 315 டயரா? ஸ்பிரிங் எவ்வளவு உயரம்?

மண்பாதை:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1994 மாடல் 80 சீரிஸ், 4.5 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக். ஸ்பிரிங்குகள் தொழிற்சாலையில் போட்டவைதான் என்று நினைக்கிறேன், பின்பக்கம் நன்றாக உட்கார்ந்துவிட்டது. இப்போது இருக்கும் 275/70 ஆர்16 டயர்கள் தேய்ந்து மாற்றும் நிலைக்கு வந்துவிட்டன. எப்படியும் மாற்றப்போகிறோம், ஒரேயடியாக 4 அங்குல லிஃப்ட் (உயரமான ஸ்பிரிங் போட்டு உடலை உயர்த்துவது) வைத்து 315/75 போட்டுவிடலாமா என்று மனசு சொல்கிறது. மாதம் இரண்டு முறை கல் நிறைந்த ஓடைப் பாதைகளில் போவோம், மற்றபடி நெடுஞ்சாலைதான். குடும்பம், கூடாரம், தண்ணீர் என்று பின்னால் எப்போதும் சுமை இருக்கும். வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் கருவி) பிறகு வாங்குவதாக எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரும்பு ஆக்சில்:
எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு டேப் எடுத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். ஒருமுறை வெறும் வண்டியில், இன்னொரு முறை நீங்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் சுமை முழுவதையும் ஏற்றி. இதைச் செய்யாமல் "2 அங்குலம்", "4 அங்குலம்" என்று பேசுவதில் பொருளே இல்லை, ஏனென்றால் அந்த எண் புது ஸ்பிரிங்கின் உயரத்தை வைத்துச் சொல்வது. உங்கள் ஸ்பிரிங் ஏற்கெனவே இறங்கிக் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு 2 அங்குல ஸ்பிரிங் போட்டால் உங்கள் கண்ணுக்கு 3 அங்குலம் ஏறியது போலத் தெரியலாம்.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியது எடையைப் பார்த்து. ஒரே உயரத்துக்கே லேசான சுமை, நடுத்தரச் சுமை, கனமான சுமை என்று தனித்தனி ஸ்பிரிங் கிடைக்கும். வின்ச்சும் இரும்பு பம்பரும் வரப்போகிறது என்றால் முன்பக்க ஸ்பிரிங்கை அதற்கேற்ப வாங்க வேண்டும், வராது என்றால் அதே ஸ்பிரிங் வெறும் மூக்கில் கட்டையாக உதைக்கும். ஆகவே வின்ச் விஷயத்தை "பிறகு" என்று தள்ளாமல் இப்போதே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, லிஃப்ட் வைப்பதால் உடல்தான் உயரும், ஆக்சில் உயராது. 80 சீரிஸில் முன்னும் பின்னும் முழு ஆக்சில், கல்லில் முதலில் தட்டுவது ஆக்சிலில் தொங்கும் டிஃப் (டிஃபரன்ஷியல்) குண்டுதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 275/70 டயரின் விட்டம் சுமார் 791 மி.மீ., 285/75 என்றால் 834, 315/75 என்றால் 879. விட்டத்தில் பாதிதான் தரையிலிருந்து உயரும். அதாவது 285-இல் 21 மி.மீ., 315-இல் 44 மி.மீ. ஓடைக் கற்களில் அந்த 21 மி.மீ. நன்றாகவே தெரியும்.

நான்கு சக்கரம்:
மேலே அண்ணன் சொன்னதோடு கேஸ்டரையும், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வையும், சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் முன் ஆக்சிலை இரண்டு ஆர்ம் பிடித்திருக்கின்றன. உடல் உயரும்போது ஆர்ம் சாய்ந்து ஆக்சிலும் கூடவே சுழலும், அங்குலத்துக்குத் தோராயமாக 1 டிகிரி கேஸ்டர் போய்விடும். அப்புறம் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, வண்டி அலையும். 2 அங்குலம் வரை கேஸ்டர் திருத்தும் புஷ் (ஆர்மில் பொருத்தும் ரப்பர் உருளை) போட்டுச் சமாளிக்கலாம். 4 அங்குலம் போனால் புஷ் போதாது, ஆர்மையே மாற்ற வேண்டியிருக்கும். கேஸ்டரைத் திருத்த ஆக்சிலைச் சுழற்றும்போது பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் டிஃப் முனை) கீழ்நோக்கிப் போகும், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் முன் ப்ராப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு அதிர்வு வரும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும் என்பது 4 அங்குலத்தில்தான் நன்றாகப் புரியும்.

பலர் மறப்பது பின் பிரேக்கின் சுமை உணரும் வால்வு. அது ஒரு கம்பியால் பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும். உடல் உயர்ந்தால் வண்டி காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நீங்களோ குடும்பத்தோடும் சுமையோடும் போகிறீர்கள், கனமான டயரை நிறுத்தவும் வேண்டும். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருந்தால் லிஃப்ட் வைக்கும் அன்றைக்கே அதன் பிராக்கெட்டை அதே அளவு உயர்த்தச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

கற்பாதை:
நான் 315 போட்டு மூன்று வருடம் ஓட்டியவன். ஓடையில் அருமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டிஃப்பில் 4.10 கியரோடு (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.10 சுற்று) 879 மி.மீ. டயர் என்றால் கியர் 3.69 ஆகக் குறைந்தது போலத்தான். மேட்டில் கியர்பாக்ஸ் இறங்கி இறங்கி ஏறும், எண்ணெய் சூடாகும். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் இரண்டு டிஃப்பிலும் 4.56 கியர் போட வேண்டும். நான் கடைசியில் போட்டேன், அதன் பிறகுதான் வண்டி மனசுக்குப் பிடித்தது. கியர் மாற்றத் தயாராக இல்லையென்றால் 315-ஐ விட்டுவிடுங்கள். 285-க்கு அந்தக் கவலை இல்லை, 3.89-க்குச் சமமாக வரும், 4.5 இன்ஜின் அதை இழுத்துவிடும். ஸ்பீடோமீட்டர் மட்டும் 95 காட்டும்போது உண்மையில் 100-இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

டயர் உரசுகிறதா என்பதைத் தரையில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் தெரியாது. ஒரு முன் சக்கரத்தையும் எதிர்மூலைப் பின் சக்கரத்தையும் மேடேற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஆர்மில் உரசினால் சக்கரம் திரும்பும் எல்லையைக் கட்டுப்படுத்தும் ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே திருகி நீட்டலாம், ஃபெண்டருக்குள் இடித்தால் ஆக்சில் மேலே ஏறுவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பை நீட்ட வேண்டும். முழுநேர நான்கு சக்கர இயக்கம் என்பதால் ஸ்டெப்னியும் அதே அளவில், ஐந்தாக வாங்குங்கள்.

இரும்பு ஆக்சில்:
நக்கிள் (ஆக்சில் முனையில் முன் சக்கரத்தோடு திரும்பும் பகுதி) பேரிங்கை யாரும் சொல்லவில்லை. அதில் ஆட்டம் இருந்தால் பெரிய டயர் போட்டதும் ஸ்டீயரிங் உதறும், பழியை டயர் மேல் போடுவார்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள் தம்பி.

மண்பாதை:
எல்லோருக்கும் நன்றி. இன்று அளந்தேன். சுமை ஏற்றியதும் பின்பக்கம் 55 மி.மீ. இறங்குகிறது, இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. சக்கரத்தை ஆட்டியதில் இடது முன்பக்கம் லேசான ஆட்டமும் இருக்கிறது. 315 ஆசையை விட்டுவிட்டேன். 285 ஐந்து, 2 அங்குலம், பின்னால் கனமான சுமைக்கான ஸ்பிரிங், கேஸ்டர் புஷ். வின்ச் வேண்டாம் என்று முடிவு, அதனால் முன்னால் லேசான ஸ்பிரிங்கே. முதலில் நக்கிளைப் பிரிக்கிறேன், பேரிங் மாற்றிய பிறகுதான் டயருக்குச் சொல்லப்போகிறேன்.