பாரிஸ் அணிவகுப்பு வீடியோ: அந்த பூட்ஸ் சத்தம் அசலா?

ரீல்பெட்டி:
நேற்று இங்கே ஒருவர் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. 1940 ஜூன் 14, ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்த நாள், வெற்றி வளைவுப் பக்கம் அணிவகுப்பு. தலைப்பு: 'அசல் கலர், அசல் ஒலி'. கலரை விடுங்கள், கறுப்பு வெள்ளை நியூஸ்ரீலுக்கு யாரோ கம்ப்யூட்டரில் சாயம் பூசியிருக்கிறார்கள், சிப்பாய் முகமும் குதிரை முதுகும் ஒரே பழுப்பு. ஆனால் அந்த பூட்ஸ் சத்தம்! நான் இருபது வருஷம் ரீரெக்கார்டிங் தியேட்டரில் எபெக்ட்ஸ் கொடுத்தவன். கொட்டாங்கச்சியைத் தட்டிக் குதிரையை ஓடவிட்டவன். அது தட்டில் ஜல்லியைக் கொட்டி நாலு பேர் மிதித்த சத்தம். அசலாம்!

பான்சர்பிரியன்:
வந்துட்டார்யா. சார், ஜெர்மன் சிப்பாயின் பூட்ஸ் அடியில் ஆணி அடித்திருக்கும். கருங்கல் தெருவில் நூறு பேர் நடந்தால் அப்படித்தான் கேட்கும். நீங்கள் சினிமாவில் செய்த பொய்யை வைத்து உலகத்தையே பொய் என்கிறீர்கள்.

ரீல்பெட்டி:
ஆணி இருந்தது, யார் இல்லை என்றது? அதைப் பதிவு செய்ய அங்கே மைக் எங்கே? பிரச்சாரக் கம்பெனி என்று ஜெர்மன் ராணுவத்திலேயே செய்திப்படம் எடுக்கிற பிரிவுகள் இருந்தன, போர்முனைக்குப் போன அதன் கேமராமேன்கள் அதிகம் கையில் வைத்திருந்தது 1937-ல் வந்த அரிபிளெக்ஸ். லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கலாம், அருமையான கேமரா, ஆனால் ஓடும்போது தையல் மெஷின் மாதிரி கடகடக்கும். 200 அடி பிலிம், இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடினால் தீர்ந்தது. ஊமைப் படம்தான் பெர்லினுக்குப் போகும். இசை, சத்தம், வர்ணனையாளர் ஹாரி கீஸேயின் அந்த முழங்கும் குரல் எல்லாம் அங்கேதான் ஏறும். இன்னொன்று. தூரத்து ஷாட்டில் கடைசி வரிசை குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து சத்தம் வந்து சேர அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். வீடியோவில் கால் தரையில் படுகிறது, அதே கணம் 'டக்'. கேமரா கிட்டே போனாலும் அதே அளவு 'டக்'. எப்படி?

பான்சர்பிரியன்:
அதே பிரச்சாரக் கம்பெனிகளில் வானொலி நிருபர்களும் இருந்தார்கள், போர்முனையிலேயே இசைத்தட்டில் ஒலிப்பதிவு செய்தார்கள். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அந்தப் பதிவிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்தால் அது அசல் பூட்ஸ் சத்தம்தானே?

மலர்விழி_ந:
ஒரு சந்தேகம். அசல் என்று எதைச் சொல்கிறீர்கள்? அதே நாள் அதே தெருவில் பதிவானதா, வேறு நாள் நிஜ சிப்பாய்கள் நடந்ததா, 1940-ல் பெர்லினில் சேர்த்ததா, இல்லை போன வருஷம் யூடியூப்காரர் சேர்த்ததா? நாலும் வேறு வேறு.

ரீல்பெட்டி:
எதுவாக இருந்தாலும் அது ஜல்லி.

பான்சர்பிரியன்:
எதுவாக இருந்தாலும் அது ஆணி.

கும்பகோணம்_டிகிரி:
ரீல்பெட்டி அண்ணன் பெரிய எம்டன். அது இருக்கட்டும், பிரான்ஸ் பணிந்தபோது கொம்பியேன் காட்டில் ஹிட்லர் குதித்து ஆடினாரே, அதுவும் பொய்யா? எங்கள் வாத்தியார் அதைச் சொல்லியே ஒரு பீரியட் ஓட்டினார்.

ரீல்பெட்டி:
ஒரு தடவை காலைத் தூக்கி வைத்தார், அவ்வளவுதான். அந்தத் துண்டை நேச நாட்டுக்காரர்கள் திரும்பத் திரும்ப ஒட்டி டான்ஸ் ஆக்கினார்கள். பிலிமை வெட்டத் தெரிந்தவனுக்கு அரை மணி வேலை.

பான்சர்பிரியன்:
ஆக நேச நாட்டுக்காரர்களும் புளுகினார்கள், ஒத்துக்கொண்டதற்கு நன்றி. 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடைச் சுற்றி வளைத்த சோவியத் படைகள் பனியில் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற காட்சியும் கேமராவுக்காக மறுபடி நடித்ததுதான். உங்களுக்கு ஜெர்மன் ரீல் மட்டும்தான் உறுத்துகிறது.

ரீல்பெட்டி:
தம்பி, 1939-ல் போலந்து எல்லைக் கம்பத்தைச் சிரித்துக்கொண்டே முறிக்கிறார்களே, அதுவும் கேமராவுக்காகச் செய்ததுதான். எல்லோரும் நடித்தார்கள். எனக்கு உறுத்துவது பூட்ஸ். பேச்சை மாற்றாதீர்கள். போன தடவை 'ஜெர்மன் படை முழுக்க மோட்டார் மயம்' என்று அடித்துவிட்டு, 1941-ல் ரஷ்யாவுக்குள் சுமார் 6 லட்சம் குதிரையோடு போனார்கள் என்று நான் சொன்னதும் ஒரு வாரம் காணாமல் போனவர்தானே நீங்கள்?

பான்சர்பிரியன்:
அன்று அக்கா கல்யாணம். இதே பதிலை அப்போதே சொன்னேன்.

ரீல்பெட்டி:
ஒரு வாரமா கல்யாணம்? சரி விடுங்கள், குதிரை விஷயத்துக்கே வருகிறேன். இதே வீடியோவில் பீரங்கி இழுக்கிற குதிரைகள் வருகின்றன, அதற்கும் சத்தம் போட்டிருக்கிறார்கள். ஆறு குதிரை, 24 குளம்பு, காதில் விழுவது டக்-டக் என்று ஒன்றே ஒன்று. வண்டிச் சக்கரம் ஊமை. அத்தனை எடையுள்ள பீரங்கி கல் மேல் உருண்டால் அடிவயிறு அதிர வேண்டாமா? இதில் பாட்டரியில் ஓடுகிற பொம்மைக் கார் அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. எங்கள் தியேட்டரில் இப்படிக் கொடுத்திருந்தால் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி எறிந்திருப்பார்.

கும்பகோணம்_டிகிரி:
அந்தக் காலத்தில் எல்லாம் அசல் அண்ணே, காபித்தூள் உட்பட.

மலர்விழி_ந:
1940 ஜூனில்தான் தனித்தனி நியூஸ்ரீல்களை ஒன்றாக்கி 'டாய்ச்ச வோகென்ஷௌ' என்று ஒரே பெயரில் கொண்டுவந்தார்கள், ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் நேரடியாகத் தலையிடுவார். யாருக்காக, எதைக் காட்ட இந்த அணிவகுப்பை எடுத்தார்கள் என்று பேசினால் நன்றாக இருக்குமே? தெரு ஓரத்தில் நிற்கிற பாரிஸ்காரர்களை எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள் என்று யாராவது கவனித்தீர்களா?

பான்சர்பிரியன்:
கோயபல்ஸ் தலையிட்டார் என்றால் ஒலிக்குச் செலவு செய்யாமலா விடுவார்? பெர்லினில் சிப்பாய்களுக்கா பஞ்சம்? நிஜ பூட்ஸ் போட்டு நடக்கவிட்டுப் பதிவு செய்திருப்பார்கள். ஆணி!

ரீல்பெட்டி:
'செய்திருப்பார்கள்'! இதைத்தான் ஆதாரம் என்கிறாரா? மலர்விழி மேடம், பாரிஸ்காரர்களை அப்புறம் பார்ப்போம், முதலில் பூட்ஸ் முடியட்டும்.

மலர்விழி_ந:
முடியாது.

கும்பகோணம்_டிகிரி:
எம்டன் 1914-ல் சென்னையில் குண்டு போட்ட கப்பல், அது முதல் உலகப் போர், இந்த இழைக்கு அந்த உவமை சரியில்லை என்று உள்பெட்டியில் ஒருவர் திட்டுகிறார். அது யார் என்று எனக்குத் தெரியும்.

பான்சர்பிரியன்:
நான் இல்லை.

ரீல்பெட்டி:
எல்லோரும் 1 நிமிஷம் 12-ஆவது நொடியை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஓரத்தில் ஒருவன் தும்முகிற மாதிரி தலையை ஆட்டுகிறான். தும்மல் கேட்கிறதா? கேட்காது. பூட்ஸ் மட்டும் கேட்கும்.

பான்சர்பிரியன்:
கேட்டேன். ஆணிச் சத்தம் துல்லியமாக இருக்கிறது.

ரீல்பெட்டி:
எந்த ஹெட்போன்?