சிறுநீர்க் கசிவுக்கு ஸ்லிங் ஆபரேஷன்: செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

இருமினால், தும்மினால், குழந்தையைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது, குறையவே இல்லை. டாக்டர் ஸ்லிங், அதாவது சிறுநீர்க்குழாயைத் தாங்கும் பிளாஸ்டிக் வலை நாடா, வைத்துவிடலாம் என்கிறார். வலை வைத்துக்கொண்ட பெண்கள் வழக்குப் போட்ட செய்திகளைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. நல்லதோ கெட்டதோ, அப்படியே சொல்லுங்கள்.

*

எனக்கு வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன, நன்றாக இருக்கிறேன். பிறப்புறுப்பின் உள்ளே ஒரு சிறு வெட்டு, சிறுநீர்க்குழாய்க்கு அடியில் ஒரு நாடா, அடிவயிற்றில் இரண்டு பொட்டுத் தழும்பு, அவ்வளவுதான். பாடுபட்டது மறுநாள். சிறுநீரை வெளியேற்றப் போட்ட குழாயை, அதாவது கதீட்டரை, எடுத்த பிறகு சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நர்ஸ் ஸ்கேன் வைத்துப் பார்த்து, பாதிக்கு மேல் உள்ளேயே நிற்கிறது என்று திரும்பவும் குழாய் போட்டு அனுப்பினார். வீக்கம் வடிந்ததும் சரியானது. சிலருக்கு நாடாவைத் தளர்த்தவோ வெட்டவோ வேண்டிவரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

அப்புறம் அந்தச் செய்திகள். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ 2019-ல் விற்கக் கூடாது என்றது, உறுப்பு இறக்கத்துக்காக (கருப்பை, சிறுநீர்ப்பை போன்றவை கீழே சரிவது) பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைகளை. கசிவுக்கான நாடா அதில் சேராது. இங்கிலாந்தில் 2018-ல் இரண்டையுமே நிறுத்திவைத்தார்கள். அங்கே நாடா வைத்த 95,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்ததில், 9 ஆண்டுக்குள் அதை எடுக்க வேண்டிவந்தது சுமார் 3.3 சதவீதம் பேருக்கு.

*

அந்த 3.3-க்குள் வருகிறவள் நான், அக்கா. எனக்குத் தொடை வழியாக வைத்தார்கள். அந்த முறையில் சிறுநீர்ப்பையில் ஊசி பட்டுவிடும் ஆபத்து குறைவு, உண்மைதான். ஆனால் தொடை இடுக்கு வலி அதில்தான் அதிகம். உட்கார்ந்து எழுந்தால் சுரீர் என்று இழுக்கும். போகப் போகச் சரியாகும் என்று சொல்லியே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் என் கணவருக்குக் குத்தியபோதுதான் நாடாவின் ஓரம் வெளியே துருத்தி நிற்பது தெரிந்தது. அந்தப் பகுதியை வெட்டினார்கள். முழுவதும் எடுப்பது காங்கிரீட்டிலிருந்து கம்பியை உருவுகிற வேலை, சதை அதற்குள் ஊடுருவி வளர்ந்துவிடுகிறது. வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. எண்ணிக்கை சின்னது என்பதை நான் மறுக்கவில்லை. வலிக்கிறது என்றால் நம்புங்கள் என்றுதான் கேட்கிறேன். 2020-ல் வந்த பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையும், பெண்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்றே சொன்னது.

*

எனக்கு இருந்தது அவசரக் கசிவு, பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் வந்துவிடும். அதற்கு ஸ்லிங் உதவாது, சிலருக்குக் கூட்டியும் விடும். உங்களுடையது தும்மல் கசிவு போலத் தெரிகிறது, ஆனாலும் சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் இடுப்புத்தளப் பயிற்சியை (சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசைகளுக்கானது) முதலில் முறையாகச் செய்து பாருங்கள். 2013-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்கு மாறினார்கள். மற்றவர்கள் மாறவில்லை.

*

பிளாஸ்டிக் வேண்டாம் என்று, என் வயிற்றுத் தசை உறையிலிருந்தே பட்டை எடுத்து வைத்தார்கள். வெட்டு பெரிது, ஆற நாளானது, கொஞ்ச காலம் நானே கதீட்டர் போட்டுக்கொண்டேன். இப்போது கசிவில்லை. இன்னொரு குழந்தை எண்ணம் இருந்தால் எந்த முறையானாலும் தள்ளிப்போடுங்கள்.

*

தொடை வலி பற்றி எழுதியவள்தான். கையெழுத்துப் போடும் முன், சிக்கல் வந்தால் நாடாவை எடுக்கத் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். நாடாவின் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். எனக்கு என்ன வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளவே வாரக்கணக்கில் அலைந்தோம்.