110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று ஓவர்லோடு கட்அவுட்

கேள்வி: இங்கிலாந்து கட்டிட சைட்களில் வரும் மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மர், 3.3 கேவிஏ (3300 வோல்ட்-ஆம்பியர்). ரீசெட் பட்டனை அழுத்தினால் உள்ளே நிற்பதில்லை. கட்அவுட் (லோடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம்) மேல் எழுத்து அழிந்துவிட்டது. எத்தனை ஆம்பியர் வாங்குவது?

பதில் 1: பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறவிட்டு, பட்டனை அழுத்தி மீட்டரில் கன்டின்யூட்டி (மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். சூடாக இருந்தால் நல்ல கட்அவுட்டும் நிற்காது. கட்அவுட் பிரைமரியில் (230 வோல்ட் உள்ளே வரும் பக்கம்) இருந்தால் 3300/230, அதாவது 14 ஆம்பியர் சொச்சம், செகண்டரியில் (110 வோல்ட் வெளியே போகும் பக்கம்) 30. ஆனால் 3.3 என்பது பெரும்பாலும் விட்டுவிட்டு ஓட்டும் கணக்கு. தொடர் லோடு ஏறக்குறைய பாதிதான், டிரான்ஸ்ஃபார்மர் மேலுள்ள தகட்டைப் பாருங்கள். அதில் உள்ள அளவைத் தாண்டிப் பெரிதாகப் போட்டால் கட்அவுட் விழாது, காயில்தான் கருகும்.

பதில் 2: செகண்டரி என்றால் இரண்டு லைனையும் துண்டிக்கும் வகை வேண்டும். நடு டேப் (காயிலின் நடுவில் எடுத்த இணைப்பு) எர்த்தில் இருப்பதால் இரு முனையிலும் எர்த்துக்கு 55 வோல்ட். பிரைமரியில் பி வகை எம்சிபி (சிறு சர்க்யூட் பிரேக்கர்) வேண்டாம். ஸ்விட்ச் போட்டதுமே இன்ரஷ்ஷில் (முதல் கணத்தில் பாயும் பெரிய மின்னோட்டத்தில்) விழும். தெர்மல் வகையே (சூட்டால் மெதுவாக விழுவது) சரி. பேனல் துளையின் விட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள்.