பேஸ்பால் ஆட்டத்தில் அடிபட்ட பேட் உங்கள் கைக்கு வந்தது எப்படி? அனுபவங்களைப் பகிருங்கள்

முதல் பதிவு (சர்ப்ரைஸ், அரிசோனா)

மூன்று வாரமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு உடைந்த பேட் கிடக்கிறது. எடுத்து வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அதன் கதையை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மார்ச் வந்தால், அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் பதினைந்து அணிகள் ஃபீனிக்ஸைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வசந்தகாலப் பயிற்சிக்கு வந்துவிடும். எல்லோரும் பெரிய ஸ்டேடியத்தில் நட்சத்திர ஆட்டக்காரர்களைப் பார்க்கப் போவார்கள். எனக்கு அதன் பின்னால் இருக்கும் பயிற்சித் திடல்கள்தான் பிடிக்கும். மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக் பையன்கள் அங்கேதான் ஆடுவார்கள். ஸ்கோர்போர்டு கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர் நின்றால் அதிகம். பந்து பேட்டில் படுகிற சத்தத்தை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் கேட்க முடியாது.

அன்று காலை பத்து மணி இருக்கும். என் பதினோரு வயது மகளும் கூட வந்திருந்தாள். டொமினிகன் குடியரசிலிருந்து வந்த ஒரு பையன் அடிக்க வந்தான், இருபது வயது இருந்தால் பெரிது. உள்பக்கம் வேகமாக வந்த பந்து அவன் கைக்குப் பக்கத்திலேயே பட்டது. 'டக்' என்று வரவேண்டிய சத்தம் அன்று பட்டாசு நமுத்த மாதிரி 'தொப்'பென்று வந்தது. பந்து செத்தாற்போல் உருண்டது, ஓடினான், அவுட். திரும்பி வரும்போது பேட்டைத் தூக்கிக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தான். பிறகு வேலியோரம் சாய்த்து வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கப் போனான்.

அந்த இன்னிங்ஸ் முடிந்ததும் என் மகள் பள்ளியில் படித்த ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. பயிற்சியாளரைப் பார்த்தான், அவர் தலையசைத்தார். வேலிக்கு மேலே பேட்டை நீட்டினான். இரண்டு கையாலும் நீட்டினான் என்பது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். மேப்பிள் மரம். பிடியில் வெள்ளைத் துணி டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருக்கிறான், அதன் மேல் பிடி வழுக்காமல் இருக்கப் பூசும் பைன் டார் என்ற பிசின் கறுத்துப் போய் உள்ளங்கை பட்ட இடத்தில் மட்டும் பளபளக்கிறது. அந்தப் பிசினில் திடலின் செம்மண் ஒட்டியிருக்கிறது. பிடியிலிருந்து மேல் நோக்கி ரேகையோடு ஓடும் ஒரு விரிசல், நகம் நுழையும் அகலம். பேட்டின் தடித்த பக்கத்தில் ஒரே இடத்தில் நாலைந்து பந்துத் தையல் தடங்கள். தடவினால் விரலில் படுகிறது. அடிக்குமிழில் மார்க்கரால் எழுதிய எண். மரத்தில் இருக்கும் அவன் பேர் கையெழுத்தாக இல்லை, வெறும் அச்செழுத்தில்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். அவனைக் காணவில்லை. மார்ச் கடைசியில் இதெல்லாம் நடக்கும் என்று தெரியும். ஏப்ரலில் சீசன் தொடங்குவதற்குள் அணிகள் மைனர் லீக் பட்டியலைக் குறைத்தாக வேண்டும். அந்த வாரமே அவனை விடுவித்துவிட்டார்கள் என்று அணியின் அறிவிப்பில் படித்தேன். மகளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

என்னிடம் மேஜர் லீக் ஆட்டக்காரர்களின் பேட் ஆறு இருக்கிறது, எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. இது ஏழாவது. மற்ற ஆறும் சுவரில் இருக்கின்றன.

உங்கள் கைக்கு வந்ததையும் எழுதுங்கள். யாருடையது என்பதைவிட எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை.


மறுமொழி (டர்ஹாம், வட கரோலினா)

படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் சார். உங்கள் பேட்டுக்கு யாரும் சான்றிதழ் தர வேண்டியதில்லை, அந்தத் தையல் தடமே போதும். நான் இதைக் கற்றுக்கொள்ள நானூறு டாலர் கொடுத்தேன்.

எட்டு வருடம் முன்பு ஒரு கண்காட்சியில், ஆட்டத்தில் பயன்பட்டது என்று சொல்லி ஒரு பேட்டை விற்றார்கள். பேர் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டக்காரர். கறுப்பு பேட், வெள்ளிநிறக் கையெழுத்து, கூடவே ஒரு காகிதச் சான்று. கையெழுத்தைப் பார்த்தேனே தவிர மரத்தைப் பார்க்கவில்லை. வாங்கிவிட்டேன்.

அதே கண்காட்சியில் வாசலருகே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருடமாகப் பேட் சேர்ப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. என் கையில் இருந்ததைக் கேட்டு வாங்கி, சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து மரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்தார். அதுவரை வழுவழுப்பாகத் தெரிந்த பரப்பு முழுக்கக் குழி குழியாகத் தெரிந்தது. வட்ட வட்டமான சின்னக் குழிகள். தையல் ஒன்றுகூட இல்லை. "இது பிட்சிங் மெஷினில் போடும் பந்து தம்பி, அதன் மேல்தான் இப்படிக் குழி இருக்கும்" என்றார்.

அப்புறம் பேட்டை மெதுவாகச் சுழற்றிக் காட்டினார். தடங்கள் சுற்றிலும் சிதறிக் கிடந்தன. தொழில்முறை ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் நிறுவன முத்திரையை ஒரே திசையில் வைத்துத்தான் பிடிப்பார். அதனால் அடிபட்ட தடம் ஒரு பக்கத்தில் குவிந்திருக்கும், முத்திரைக்கு நேர் மேலே அநேகமாக இருக்காது. ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்-அவுட்டில் பேட் அடுக்கும் சட்டத்தின் பெயின்ட் கோடுகளாக உரசியிருக்க வேண்டும். பைன் டார் பிடித்திருக்க வேண்டும். என்னுடையதில் எதுவும் இல்லை. அந்த ஆட்டக்காரருக்காகச் செய்த பேட் என்பது நிஜம்தான், ஆனால் அதை வைத்து அவர் ஆடியதில்லை. யாரோ அதைப் பயிற்சி வலைக்கூண்டுக்குக் கொண்டுபோய் அடித்து 'வயசு' ஏற்றியிருக்கிறார்கள். விற்றவரிடம் திரும்பிப் போனேன். காகிதத்தைக் காட்டினார், அவ்வளவுதான்.

இப்போது மேஜர் லீக் பேட் வாங்கினால் ஹோலோகிராம் ஒட்டியதைத்தான் வாங்குகிறேன். போலிக் கையெழுத்துக் கும்பலை எஃப்பிஐ பிடித்த பிறகு, 2001ல் மேஜர் லீக் தானே சரிபார்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் போலீஸ் வேலையில் இருப்பவரோ ஓய்வு பெற்றவரோ ஒருவர் டக்-அவுட் பக்கத்திலேயே இருப்பார். பேட் உடைந்ததும் அவர் கண்முன்னே கைமாறி, எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டப்படும். அந்த எண்ணை இணையத்தில் போட்டால் எந்த நாள், எந்த ஆட்டம் என்று வரும். கண்ணால் பார்த்த சாட்சி என்பதுதான் இதில் முக்கியம். பார்க்காத ஒருவர் எழுதித் தரும் காகிதத்துக்கு நான் இனி மதிப்புத் தர மாட்டேன்.

இங்கே எங்கள் ஊர் மைனர் லீக் அணியான டர்ஹாம் புல்ஸ் ஆட்டத்துக்கு அடிக்கடி போகிறேன். போன கோடையில் ஒருநாள் உடைந்த பேட்டின் மேல்பாதி பறந்து வந்து மூன்றாம் பேஸ் பக்கம் விழுந்தது. பேட் எடுக்கும் சிறுவன் அதை என் பக்கத்தில் இருந்த குழந்தைக்குக் கொடுத்தான். குழந்தையின் அப்பாவிடம் கேட்டு ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தேன். மரம் பிளந்த இடம் வெளேரென்று, ஈரமில்லாத புது மர வாசனையோடு இருந்தது. அந்த ஒரு நிமிஷம் அந்த நானூறு டாலர் பேட் தராத சந்தோஷத்தைத் தந்தது.


மறுமொழி (சின்சினாட்டி, ஓஹையோ)

முதல் பதிவு எழுதிய அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையனின் பேர் கையெழுத்தாக இல்லாமல் அச்செழுத்தில் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து லூயிவில் இரண்டு மணி நேரக் கார்ப் பயணம்தான். லூயிவில் ஸ்லக்கர் என்ற பேட் நிறுவனத்தின் தொழிற்சாலையும் அருங்காட்சியகமும் அங்கே ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. வாசலில் 120 அடி உயரப் பேட் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கும். 1884ல் பட் ஹில்லரிக் என்ற தச்சர் வீட்டு இளைஞர் பீட் பிரௌனிங் என்ற ஆட்டக்காரருக்குப் பேட் கடைந்து கொடுத்ததாகச் சொல்லும் கதையிலிருந்துதான் அந்த நிறுவனத்தின் வரலாறு தொடங்குகிறது.

உள்ளே போனால் கையுறை மாட்டிக்கொண்டு பழைய ஆட்டக்காரர்கள் ஆடிய பேட்டைக் கையில் பிடிக்கத் தருவார்கள். நான் பிடித்தது மிக்கி மான்ட்டில் ஆடியது. கையுறை வழியாகவும் அந்தப் பிடியின் மெலிவு தெரிந்தது. இவ்வளவு ஒல்லியான பிடியை வைத்துக்கொண்டா அவ்வளவு தூரம் அடித்தார் என்று இருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற முதியவர் தன் முறை வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கையை நீட்டினார். அவர் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் என்னை அசைத்தது அங்கே இருக்கும் பேட் பெட்டகம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மூல மாதிரிகள் அடுக்கியிருக்கின்றன. ஆட்டக்காரர் பேரின் முதலெழுத்து, கூடவே ஒரு வரிசை எண் என்று மாதிரிக்குப் பேர் வைப்பார்கள். பேப் ரூத்தின் ஆர்43 அப்படி வந்ததுதான். அந்தக் காலத்தில் ஒரு பேட் கைக்கு வாகாக அமைந்துவிட்டால், உடைந்த பிறகும் அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பி 'இதே மாதிரி இன்னொன்று கடைந்து தாருங்கள்' என்பார்கள். அங்கே இருப்பவர்கள் மெழுகுப் பென்சிலால் பேட்டின் மேலேயே ஆட்டக்காரர் பேரையும், சிலசமயம் தேதியையும் எழுதி வைப்பார்கள். இன்று பழைய பேட் சேர்ப்பவர்களுக்கு அந்தப் பென்சில் எழுத்து பொன் மாதிரி. ஆட்டக்காரரே அனுப்பிய பேட் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். டெரெக் ஜீட்டர் தன் 3,465 ஹிட்டுகளில் பெரும்பாலானவற்றை பி72 என்ற மாதிரியில்தான் அடித்தார். 2014ல் அவர் ஓய்வு பெற்றபோது அவர் நினைவாக அந்தப் பேரையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த 'பி' யார் தெரியுமா? லெஸ் பிங்க்கம். 1954ல் அவருக்காகக் கடைந்த பேட் அது. மைனர் லீக்கில் ஆடியவர், மேஜர் லீக் பக்கமே போகவில்லை. அவர் கைக்குப் பொருந்திய வளைவு அறுபது வருடம் அடுத்தடுத்த கைகளுக்குப் போயிருக்கிறது. உங்கள் வீட்டு மேசையில் இருப்பதும் அப்படி ஒருவரின் பேட்தானே அண்ணா.

இன்னொன்று. ஆஷ் மர பேட் யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேல் பேட் என்றாலே ஆஷ்தான். 2001ல் பேரி பாண்ட்ஸ் மேப்பிள் பேட்டால் ஒரே சீசனில் 73 ஹோம் ரன் (பந்தைத் திடலுக்கு வெளியே அடிப்பது) அடித்ததும் எல்லோரும் மேப்பிளுக்குத் தாவினார்கள். 2002ல் டெட்ராய்ட் பக்கம் மரகதப் பச்சை நிறத்தில் ஒரு வண்டைக் கண்டுபிடித்தார்கள். அது பரவி ஆஷ் காடுகளையே தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் இருந்த நான்கு ஆஷ் மரங்களையும் வெட்டிவிட்டார்கள்.


மறுமொழி (டாலஸ்)

வேறு எதையும்விட முதலில் இதைச் சொல்கிறேன்: துடைக்காதீர்கள். எனக்கு முதன்முதலில் கிடைத்த பேட்டில் பிடி முழுக்கப் பிசுபிசுவென்று இருந்தது. அழுக்கு என்று நினைத்து தின்னர் வைத்து அரை மணி நேரம் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். பைன் டாரோடு அந்த மனிதரின் கைத்தடமும் போய்விட்டது. பேட் கொடுத்த நண்பர் வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை.

1983 ஜூலை 24 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் ஜார்ஜ் பிரெட் அடித்த ஹோம் ரன்னைச் செல்லாது என்று அம்பயர்கள் சொன்னது இந்தப் பைன் டாரால்தான். அடிக்குமிழிலிருந்து விதி அனுமதித்த 18 அங்குலத்தைத் தாண்டிப் பூசியிருந்தார். பிறகு லீக் தலைவர் அந்த ஹோம் ரன் செல்லும் என்று மாற்றினார். அந்த பேட் இன்று கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்தில், அந்தப் பிசினோடுதான் இருக்கிறது.

வெயில் படும் சுவரிலும் மாட்டாதீர்கள் சார். அரிசோனா வெயிலுக்கு அந்த விரிசல் இன்னும் வாய்பிளக்கும்.


முதல் பதிவு எழுதியவர்

எல்லோருக்கும் நன்றி. டர்ஹாம் நண்பர் சொன்னபடி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தோம். முதலில் நாலைந்து தடம் என்று எழுதியிருந்தேன். பதினேழு எண்ணினாள் மகள். ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே பக்கம். விரிசலுக்கு மேலே, பிடியோரமாக இருக்கும் அந்த ஒன்றுதான் அன்று எங்கள் கண்முன்னே விழுந்தது.

சின்சினாட்டித் தம்பி எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். லெஸ் பிங்க்கம் பேரை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

பேட்டைத் துடைக்கவில்லை. செம்மண்ணும் அப்படியே இருக்கிறது. ஜன்னல் இல்லாத உள்சுவரில் இரண்டு மர ஆணி அடித்தாயிற்று. மாட்டுவதற்கு முன்னால் மகள் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, திடல் எண், அவன் பேர், 'என்னிடம் கொடுத்தான்' என்று எழுதிப் பிடியில் நூலால் கட்டினாள். டேப்பின் மேல் படாமல், கொஞ்சம் மேலே தள்ளி.