குறுக்குவழி கொடுத்தவன் காக்பிட்டில் உட்கார்ந்த கதை

கூலாய்க்காரன்:
நான் ரிட்டையர் ஆன ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். வீடு கூலாயில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி. பக்கத்து செனாய் விமான நிலையத்தில் விமானம் இறங்கும் சத்தம் கேட்டால் 1996-ல் போன ஒரு பயணம் ஞாபகம் வரும்.

அப்போது எங்களை விமானிகளுக்குப் பின்னால் உள்ள மடக்கு இருக்கையில், அதாவது ஜம்ப் சீட்டில், உட்கார வைத்துக் கூட்டிப்போவார்கள். திரையில் புள்ளியாகத் தெரிவது உள்ளே எப்படி இருக்கிறது என்று நாங்களும் பார்க்கட்டுமே என்றுதான். கோலாலம்பூர் பக்கத்து சுபாங்கிலிருந்து செனாய், போயிங் 737. கேப்டன் கிள்ளான் தமிழர், நல்ல பேச்சுக்காரர். மேலே போனதும் மாமனார் வீட்டு டுரியான் திருட்டுக் கதையை ஆரம்பித்தார்.

இறங்கும்போது கன்ட்ரோலர் ஒருவர் நேர்வழி கொடுத்தார். அதனால் வழியில் 10 மைல் மிச்சமானது. நானும் தினமும் அதைத்தான் செய்வேன், பெரிய உபகாரம் என்ற நினைப்போடு. இங்கேயோ கேப்டன் பெருமூச்சு விட்டார். இறக்கத்தில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி என்பது கணக்கு. வழி 10 மைல் குறைந்தால், இருக்க வேண்டியதைவிட 3,000 அடி உயரத்தில் நிற்கிறோம். ஸ்பீட் பிரேக், அதாவது இறக்கை மேல் தகடுகளை எழுப்பிக் காற்றைத் தடுக்கும் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தார், விமானம் முழுக்க ஒரு நடுக்கம். என் கையிலிருந்த காப்பி, பேண்ட்டில். வேகமாக இறங்கினால் வேகம் கூடத்தான் பார்க்கும். அந்த நேரம் பார்த்து அடுத்த அழைப்பு: வேகத்தையும் குறையுங்கள்!

"தம்பி, ஒண்ணு இறங்கச் சொல்லுங்க, இல்ல மெதுவாப் போகச் சொல்லுங்க. ரெண்டையும் சேர்த்துக் கேட்டா நான் எங்க போவேன்?" என்றார். என்னைப் பார்த்துத்தான்.

10,000 அடி வந்ததும் கப்சிப். அதற்குக் கீழே வேலைப் பேச்சு மட்டும்தான். டுரியான் பாதியிலேயே தொங்கியது. மேகம் விலகியபோது அப்பா பால் வெட்டிய தோட்டம் கீழே வந்தது. ரப்பர் போய் செம்பனையாகிவிட்டது, ஆனாலும் லயத்துக் கூரைகளை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன்.

அப்புறம் குறுக்குவழி கொடுத்தால் முன்கூட்டியே கொடுப்பேன், ஓடுபாதைக்கு எத்தனை மைல் பாக்கி என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

லாடாங் மச்சான்:
அண்ணே, நான் விமானி, எனக்கு நேர் எதிர் அனுபவம். ரேடார் அறைக்குப் போனேன். "ஸ்டாண்ட்பை", அதாவது கொஞ்சம் பொறுங்கள், என்று சொல்லும் கன்ட்ரோலர்கள் சோம்பேறிகள் என்பது என் எண்ணம். அங்கே ஒரு அக்கா, ஒரு காதில் பக்கத்து வான்பகுதியைப் பார்க்கும் கன்ட்ரோலரின் போன், கையில் பேனா, அதே நொடியில் ரெண்டு விமானம் ஒன்றின் மேல் ஒன்று பேசுகிறது. வெளியே வந்து ஒரு தே தாரிக் குடித்த பிறகுதான் எனக்கே படபடப்பு அடங்கியது.

பால்மரத்தடி:
நானும் கன்ட்ரோலர்தான், உங்களுக்குப் பிந்தைய தலைமுறை. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு காக்பிட் கதவு இறுகிவிட்டது. எனக்குக் கிடைத்தது சிமுலேட்டர் மட்டும்தான், அதில் காப்பி சிந்தாது. அது சரி அண்ணே, டுரியான் கதை என்ன ஆச்சு?

கூலாய்க்காரன்:
என்ஜினை அணைத்து, செக்லிஸ்ட் முடித்து, விட்ட வாக்கியத்திலிருந்தே தொடர்ந்தார். திருடியது மாமனாரேதானாம், பக்கத்து வீட்டு மரத்தில்.