பக்கவாதம் வந்தவர்களுக்கான வீட்டுப் பயிற்சி ஆப்: எங்கே சிக்கல் வருகிறது?

நரம்பியல் பிசியோ
கேமராவில் அசைவைப் பார்த்து எண்ணும் ஆப்களில், மொபைலை நேர் எதிரே வைக்கச் சொல்லும் ஆப்தான் அதிகம். எதிரிலிருந்து பார்த்தால் கை நீளுவது மட்டும்தான் தெரியும். முழங்கை மடங்கியபடியே இருக்க, முதுகை முன்னால் சாய்த்து, எட்டித் தொட வேண்டிய டம்ளரைத் தொட்டுவிடுவார்கள். ஆப் அதற்கும் 'சபாஷ்' சொல்லும்! மொபைலை நேர் எதிரே இல்லாமல், பாதித்த பக்கமாகச் சாய்வான கோணத்தில், சுமார் 2 மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வையுங்கள். தலை முதல் இடுப்பு வரை திரைக்குள் வர வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலி நல்லது. கைப்பிடி முழங்கையை மறைக்கும். முந்தானையைச் செருகிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் வெறும் நிழல்தான் தெரியும்.

ஆப் டெவலப்பர்
மீடியாபைப் (வீடியோவில் உடல் அசைவைக் கண்டறியும் கூகுள் மென்பொருள்) உடலில் 33 புள்ளிகளைத் தரும். மணிக்கட்டு எவ்வளவு தூரம் போனது என்று எண்ணினால் மேலே சொன்ன ஏமாற்று நடக்கும். முழங்கை எவ்வளவு விரிகிறது, தோள்-இடுப்புக் கோடு எவ்வளவு சாய்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்த்து எண்ணுங்கள்.

பட்டன் விஷயம்: ஆண்ட்ராய்டு சொல்லும் குறைந்தபட்ச அளவு 48 டிபி (திரையில் அளவு குறிக்கும் அலகு), அதாவது சுமார் 9 மி.மீ., நன்றாக இயங்கும் விரலுக்கான அளவு. இங்கே அதைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். நடுக்கத்தில் ஒரே பட்டனில் இரண்டு தட்டு விழும். அரை விநாடிக்குள் வரும் இரண்டாவது தட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரு விரல் சைகை, அழுத்திப் பிடிப்பது எதுவும் வேண்டாம். ஓடிபி ஒருமுறை போதும், தினமும் கேட்டால் பயிற்சியே நின்றுவிடும்.

தொழில்வழி சிகிச்சையாளர்
வலது மூளை பாதித்தவர்கள் பலருக்கு இடப்பக்கம் கவனத்திலேயே வராது. கண்ணில் கோளாறு இருக்காது, ஆனாலும் தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே கிடக்கும். இடது மேல்மூலையில் இருக்கும் 'பின்செல்' அம்பு அவர்களுக்கு இல்லாத மாதிரிதான்.

நரம்பியல் பிசியோ
எல்லாவற்றையும் வலப்பக்கம் தள்ளிவிட்டால் இடப்பக்கம் பார்க்க எப்போது பழகுவது?

தொழில்வழி சிகிச்சையாளர்
பயிற்சிப் படங்களை இடப்பக்கம் வையுங்கள், ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு போட்டு, அதைக் கண்டுபிடித்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள். நிறுத்தும் பட்டனும் உதவிக்குக் கூப்பிடும் பட்டனும் மட்டும் வலப்பக்கமே இருக்கட்டும்.

பேச்சுப் பயிற்சியாளர்
பேச்சிழப்பு (மூளை பாதிப்பால் சரியான சொல் வராமல் தடுமாறுவது) இருப்பவர்கள் 'ஆமா' என்று சொல்ல நினைத்து 'இல்லை' என்பார்கள். குரலை மட்டும் நம்பி வலி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். உடம்புப் படம் காட்டி, வலிக்கும் இடத்தைத் தொடச் சொல்லுங்கள். தொட்டது தோள் என்றால்?

நரம்பியல் பிசியோ
தோள் பயிற்சி மட்டும் உடனே பூட்டிக்கொள்ள வேண்டும், பிசியோ பார்த்துத் திறக்கும்வரை. தளர்ந்த தோள் மூட்டிலிருந்து நழுவியிருக்கலாம். வீடியோவில் வருவதுபோல வரட்டும் என்று வீட்டார் கையைப் பிடித்து மேலே இழுப்பது அடிக்கடி நடக்கிறது. கால் பயிற்சி வழக்கம்போல ஓடட்டும்.